போகலாம் என்று சொன்னவர்

ஜப்பான்காரர்கள் காலத்தில் நான் கிள்ளான் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். பெயர் கார்த்திகேசு. குடியிருந்தது கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் பகுதியில். காலை ரயிலில் கிள்ளானுக்குப் போய்ச் சாயங்கால ரயிலில் திரும்புவேன். ஆட்சி மாறியதும் கோர்ட்டில் சில மாற்றங்கள் வந்தன. கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பியதால் பனி விலகும் முன்பே ஒன்பது மணி அடித்தது. வெள்ளைக்கார மாஜிஸ்திரேட் உட்கார்ந்த நாற்காலியில் ஒரு மலாய் அதிகாரி உட்கார்ந்தார். மற்றபடி கோழி திருடியவனும் குடித்துவிட்டு அடித்துக்கொண்டவனும் முன்போலவே வந்துகொண்டிருந்தார்கள். அந்த நாற்காலிக்கு முன்னால் நின்று ஆயிரக்கணக்கானவர்களின் பேச்சைத் தமிழிலிருந்து மலாய்க்கும் இங்கிலீஷுக்கும் மாற்றிச் சொல்லியிருக்கிறேன். ஒரே ஒருவர் முன்னால்தான் என் வாய் அடைத்துப் போயிற்று. அவர் பெயர் அய்யாவு.

அய்யாவு மோரிப் கடற்கரையில் பாகார் காவலர். கிள்ளானுக்குத் தெற்கே, தென்னையும் சவுக்கும் நிற்கிற கரை அது. கடலுக்குள் கழிகளை நட்டு, கம்பிவலை கட்டி, ஒரு பெரிய தொழுவம்போல் அடைத்திருப்பார்கள். அதற்குப் பாகார் என்று பெயர். முதலையும் சொறிமீனும் உள்ளே வராது. விடுமுறைக்கு வருகிறவர்கள் அதற்குள் இறங்கிக் குளிப்பார்கள். கோலாலம்பூரில் இருந்த ஏதோ ஒரு வெள்ளைக்காரக் கம்பெனிக்குச் சொந்தமானது. கரையில் அதே கம்பெனியின் பங்களாக்கள் நான்கு இருந்தன. பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த அய்யாவுவைப் பதினொரு வருஷத்துக்கு முன் மேனேஜர் துரை அங்கே வேலைக்கு வைத்தார். ஒல்லியான, கறுத்த, அதிகம் பேசாத மனிதர். மனைவி மலேரியாவில் போய்விட்டாள். பிள்ளை இல்லை. பங்களாக்களுக்குப் பின்னால் அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு குடிசையில் தனியாக இருந்தார்.

நாற்பத்திரண்டு ஜனவரியில் துரை காரில் ஏறி சிங்கப்பூருக்கு ஓடினார். ஓடுகிற அவசரத்தில், "அய்யாவு, இடத்தைப் பார்த்துக்கொள்" என்று சொன்னாராம். அதற்குப் பிறகு சம்பளம் இல்லை. பங்களாக்களில் ஜப்பானிய அதிகாரிகள் வந்து தங்க ஆரம்பித்தார்கள். அய்யாவு பக்கத்துக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், இருந்த மலாய்க்காரர்களோடு மீன் பிடித்து, மரவள்ளி நட்டுச் சாப்பிட்டார். தண்ணீர் வடிகிற நேரத்தில் தினமும் பாகாரைச் சுற்றி நடந்து ஒவ்வொரு கழியாக ஆட்டிப் பார்ப்பதை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

அடுத்த வருஷம் ஏப்ரல் கடைசியில் ஜப்பான் சக்கரவர்த்தி பிறந்தநாள் என்று எல்லா ஆபீஸுக்கும் விடுமுறை விட்டார்கள். பிரிக்பீல்ட்ஸ் குமாஸ்தாக்கள் சிலர் சேர்ந்து, கரி அடுப்பு வைத்து ஓட்டுகிற ஒரு லோரியைப் பிடித்துக் குடும்பத்தோடு மோரிப்புக்குப் போனார்கள். அவர்களில் கன்னையா என்ற குமாஸ்தாவும் அவருடைய அக்கா பவுனம்மாளும் இருந்தார்கள்.

பவுனம்மாள் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்தவள். விதவை. முப்பத்தைந்து வயதிருக்கும். தையல் மிஷின் ஒன்றை வைத்துக்கொண்டு தன் காலில் தானே நின்றவள். துணியே கிடைக்காத அந்தக் காலத்தில் பழைய திரைச்சீலையைச் சட்டையாக்குவாள். மாவுச் சாக்கைப் பிரித்துப் பாவாடையாக்குவாள். வாய் கொஞ்சம் கூர்மை. கடலை அவள் அதுவரை அருகில் பார்த்ததில்லை.

மற்ற பெண்கள் கரையிலேயே நின்றுவிட்டார்கள். பவுனம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பாகாரின் வாசல் வரை போனாள். அங்கே முழங்கால் தண்ணீரில் அய்யாவு நின்றுகொண்டிருந்தார்.

"உள்ளே போகலாமாய்யா?" என்று கேட்டாள்.

"போகலாம்மா" என்றார் அவர்.

கால்மணி நேரம்கூட ஆகவில்லை. ஓர் அலை கொஞ்சம் பெரிதாக வந்து அவளை ஓரத்து வேலியில் சாய்த்தது. இரண்டு கழிகள் சரிந்தன. அவற்றோடு கட்டியிருந்த கம்பிவலை அறுந்து, சுருண்டு, அவள் வலது குதிகாலுக்கு மேலே வெட்டியது. நரம்பு துண்டாகிவிட்டது. தண்ணீர் சிவந்ததைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கத்தினார்கள். அய்யாவு பாய்ந்து போய் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு வந்தார். தன் வேட்டியைக் கிழித்துக் கட்டினார். லோரியில் கூடவே ஏறி, கிள்ளான் ஆஸ்பத்திரி வரை அவள் காலை மடியில் உயர்த்திப் பிடித்தபடியே வந்தார். அவளை உள்ளே கொண்டுபோன பிறகு, இடுப்பில் ஒரு துண்டோடு மோரிப்புக்கு நடந்தே திரும்பினார். இரண்டு நாள் ஆயிற்று.

உயிர் பிழைத்தது. கால் பிழைக்கவில்லை. பாதம் தொங்கிப் போயிற்று. கோல் இல்லாமல் நடக்க முடியாது. மிஷின் பலகையை மிதிக்கவே முடியாது.

கன்னையா கொதித்துப் போனார். கோர்ட் வராந்தாவில் மனு எழுதிக் கொடுக்கிற ஜெய்னுலாபுதீன் என்பவரிடம் வந்தார். நானும் அப்போது பக்கத்தில் பீடி பிடித்துக்கொண்டு நின்றேன்.

"யார் மேல போடுறது தம்பி?" என்று கேட்டார் ஜெய்னுலாபுதீன். "கம்பெனி மேலயா? துரைங்க எல்லாம் சிங்கப்பூர்ல கம்பிக்குள்ள இருக்காங்க. அவங்க சொத்து இப்ப எதிரிச் சொத்து. அதுக்கு ஜப்பான்காரன் ஒரு ஆபீஸ் வெச்சிருக்கான். அந்த ஆபீஸ் மேல போடுறியா?"

அந்த ஆபீஸ் மேல் மனுப் போட்டவன் வீட்டுக்குத் திரும்ப மாட்டான் என்று எல்லாருக்கும் தெரியும்.

"அப்ப மிச்சம் அந்தக் காவக்காரன்தான்" என்றார் ஜெய்னுலாபுதீன்.

இப்படித்தான் அய்யாவு பிரதிவாதியானார். அதில் நியாயம் இல்லை என்று மனுவை எழுதியவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கைக்கு எட்டியவர் அவர் ஒருவர்தான்.

ஜூலையில் விசாரணை. பவுனம்மாள் கோலை ஊன்றி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அய்யாவு துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். பின்வரிசையில், இடுப்பில் வாளோடு ஒரு ஜப்பானிய அதிகாரி. எதிரிச் சொத்து ஆபீஸிலிருந்து வந்தவர். அவருக்குப் பக்கத்தில் அவருடைய சொந்த மொழிபெயர்ப்பாளர், பினாங்குச் சீனர் ஒருவர்.

அய்யாவுக்கு மலாய் நன்றாக வரும். மலாயிலேயே பேசலாமே என்று மாஜிஸ்திரேட் கேட்டார். "சத்தியம் தமிழ்ல செஞ்சேன், தமிழ்லயே சொல்லிடறேன் துவான்" என்றார் அவர். அதனால் நான் நடுவில் நின்றேன்.

அவர் தப்பிக்க இரண்டு கதவு திறந்திருந்தது. கம்பெனியின் வேலையாள் என்றால் பொறுப்பு முதலாளிக்குப் போகும். இப்போதைய முதலாளி ஜப்பான் ஆபீஸ் என்பதால் அத்தோடு வழக்கு நின்றுவிடும். வேலையாள் இல்லை, சம்பளம் இல்லை என்றால், அந்த வழியாகப் போகிற யாரோ ஒருவர். அவருக்கு எந்தக் கடமையும் இல்லை. எந்தக் கதவு வழியாகப் போனாலும் விட்டுவிட மாஜிஸ்திரேட் தயாராக இருந்தார். நல்ல மனிதர். கேள்விகளையே அதற்கு வசதியாகத்தான் கேட்டார்.

"உமக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள்?"

"யாரும் இல்லீங்க."

"அப்படியானால் அங்கே காவல் நிற்கும்படி உம்மிடம் யார் சொன்னது?"

"துரை போறப்ப பாத்துக்கன்னு சொன்னாரு. ஆனா அதுக்காக நிக்கலீங்க. ஜனங்க வந்து இறங்குறாங்க. யாராச்சும் பாக்கணுமில்ல?"

நான் மாற்றிச் சொன்னேன். மாஜிஸ்திரேட் தலையாட்டி எழுதிக்கொண்டார். பிறகு, "அந்தக் கழிகள் கெட்டுப்போனது எப்படி?" என்றார்.

அய்யாவு எதிரில் இருந்த பவுனம்மாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அன்னிக்குக் காலையில தண்ணி வடிஞ்சப்ப நான் போய்ப் பாத்தேங்க. அந்த ரெண்டு கழியும் அடியில உளுத்திருந்துச்சு. ஆணி எங்கயும் கிடைக்கல. பிரம்பை வெச்சு இறுக்கிக் கட்டினேன். இன்னிக்கு ஒரு நாள் தாங்கும்னு நெனச்சேன். தாங்கல."

தெரிந்தே விட்டேன் என்று ஒருவன் தன் வாயாலேயே சொன்னால் அப்புறம் எந்தக் கதவும் திறந்திருக்காது. இருபது வருஷமாக ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்லி வந்தவன் நான். அன்று குறைத்தேன். "கழிகள் உளுத்துப்போயிருந்தன, இந்தக் காலத்தில் ஆணி கிடைப்பதில்லை, பிரம்பால் கட்டிப் பார்த்தும் பயனில்லை என்கிறார்" என்று மலாயில் சொல்லி முடித்தேன்.

மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்தார்.

"ஐயா" என்று கூண்டிலிருந்து மெதுவாகக் குரல் வந்தது. "காலையிலயே பாத்தேன்னு நான் சொன்னத நீங்க சொல்லலியே."

என் காது சூடானது. அவர் குரலில் கோபம் இல்லை. கணக்கு வாத்தியாரிடம் பையன் ஓர் எண்ணை விட்டுவிட்டீர்களே என்று சொல்வதுபோல் இருந்தது.

"ஏன் காணும், உமக்கு நீரே குழி வெட்டுறீர்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் கேட்டேன்.

"அந்தம்மா கேக்குறாங்களேய்யா" என்றார். "அவங்களுக்கு முன்னாடி பாதிய முழுங்கினா எப்படி?"

மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்தார். நான் விட்டதைச் சேர்த்துச் சொன்னேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இந்த முறை என்னை விலக்கி, நேராக மலாயிலேயே அய்யாவுவிடம் கேட்டார். "நீர் முதலாளி இல்லை. கூலி வாங்கியவரும் இல்லை. இந்த அம்மாள் தானாகத்தான் தண்ணீரில் இறங்கினாள். பிறகு உமக்கும் இதற்கும் என்ன?"

அய்யாவு தமிழிலேயே பதில் சொன்னார். ஒவ்வொரு சொல்லாக, நான் மாற்றுவதற்கு இடம் விட்டு விட்டுச் சொன்னார்.

"உள்ளே போகலாமான்னு அந்தம்மா கேட்டாங்க. போகலாம்னு நான் சொன்னேன். கம்பெனி சொல்லல. துரை சொல்லல. நான் சொன்னேன். என் பேச்ச நம்பித்தான் இறங்குனாங்க."

அதை நான் மலாயில் சொல்லும்போது என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. ஊரில் எவனும் எதற்கும் பொறுப்பேற்காத காலம் அது. யாரைக் கேட்டாலும் மேலே கையைக் காட்டுவார்கள். மேலே இருப்பவன் இன்னும் மேலே காட்டுவான். இந்த மனிதர் தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டு நின்றார்.

தீர்ப்பு மத்தியானம் வந்தது. இடம் எதிரிச் சொத்து. அதன் நிர்வாகத்தை விசாரிக்க இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை. பிரதிவாதி கூலியில்லாமல் நின்றவர். சட்டப்படி அவர்மேல் பொறுப்பு வராது. மனு தள்ளுபடி. ஆனால் பாகார் ஆபத்தான நிலையில் இருப்பதால் மறு உத்தரவு வரை அங்கே யாரும் குளிக்கக்கூடாது.

நான் தமிழில் சொல்லி முடித்ததும் அய்யாவு கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு கேட்டார்: "அப்ப அந்தம்மா காலுக்கு யாருங்க பொறுப்பு?"

"சட்டப்படி யாரும் இல்லை" என்றார் மாஜிஸ்திரேட், மேஜையைப் பார்த்தபடி.

"அது எப்படிங்க யாரும் இல்லாம போகும்?"

பின்வரிசையில் ஜப்பானிய அதிகாரி காதில் அந்தச் சீனர் ஏதோ முணுமுணுத்தார். அதிகாரி ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார்.

வராந்தாவில் அய்யாவு பவுனம்மாளுக்கு முன்னால் போய் நின்றார். "நான் என்ன செய்யணும்னு சொல்லுங்கம்மா" என்றார்.

வழக்குத் தோற்ற ஆத்திரம் அவளுக்கு. "என்ன செய்வே? என்னால மிஷினு மிதிக்க முடியல. நீ வந்து மிதிக்கிறியா?" என்று வெடித்துவிட்டு, கோலைத் தட்டித் தட்டி நடந்து போனாள். அதைக் கிண்டலாகத்தான் சொன்னாள். அவர் அதை ஒரு வேலை சொன்னதாக எடுத்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து, பாகார் மூடப்பட்டதா என்று பார்த்து உத்தரவை ஒட்டிவிட்டு வரும்படி என்னை மோரிப்புக்கு அனுப்பினார்கள். அந்தக் கரையில் தண்ணீர் வடிந்தால் கடல் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விடும். நான் போன நேரம் அப்படி வடிந்திருந்தது. சேறும் மணலுமாக ஒரு மைலுக்கு வானம் வரை விரிந்து மின்னியது. அதற்கு நடுவில் எறும்பு அளவில் ஓர் உருவம். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். அய்யாவு பாகார் கழிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

முந்நூறு கழிக்குக் குறையாது. ஒவ்வொன்றும் நிபோங் மரம். ஆள் உயரத்துக்கு மேல் சேற்றுக்குள் இறங்கியிருந்தது. இரண்டு ஆள் சேர்ந்து இழுத்தாலும் அசையாது. ஒற்றை ஆளாக எப்படி என்று கேட்டேன். கைகாட்டினார். கம்பத்து மலாய்க்காரர்களிடம் இரவல் வாங்கிய இரண்டு சாம்பான் படகுகள் சேற்றில் கிடந்தன. அவற்றுக்குக் குறுக்கே ஒரு கட்டை. கட்டையிலிருந்து கழிக்குக் கயிறு, தொய்வில்லாமல். "கொஞ்சம் இருங்கய்யா" என்றார்.

காத்திருந்தோம். தூரத்தில் ஒரு வெள்ளிக் கோடு தெரிந்தது. கோடு அகலமானது. சத்தமே இல்லாமல் தண்ணீர் எங்கள் கணுக்காலைச் சுற்றிக்கொண்டது. பிறகு முழங்கால். சாம்பான்கள் சேற்றிலிருந்து விடுபட்டு எழ முயன்றன. கயிறு முறுகியது. அப்புறம், பூமிக்கு அடியில் யாரோ பெருமூச்சு விட்டதுபோல் ஒரு சத்தம். கழி மெல்ல மேலே வந்தது. கடல் தன் முதுகால் அதைத் தூக்கிக் கொடுத்தது.

"ஒரு தண்ணிக்கு மூணு, நாலு வருதுங்க" என்றார் அய்யாவு. "பகல்ல ஒரு தண்ணி, ராத்திரி ஒரு தண்ணி."

"போர்டு ஒட்டத்தானே வந்திருக்கிறேன். குளிக்கக்கூடாதெண்டு எழுதினாப் போதாதோ? ஏன் இந்தப் பாடு?"

"போர்ட படிக்கத் தெரிஞ்சவன் படிப்பான். வேலி நின்னுச்சுன்னா உள்ளே பத்திரம்னு நெனச்சுத்தான்யா எவனும் இறங்குவான். நான் அங்க இல்லாதப்ப அது நின்னு பொய் சொல்லும்."

"நீர் எங்கே போறீர்?"

"பிரிக்பீல்ட்ஸுக்கு. அந்தம்மா வரச் சொன்னாங்களே" என்றார்.

செப்டம்பர் முடியும்போது ஒரு காலையில் அவர் பவுனம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றார். இடது காது வீங்கிக் கன்றியிருந்தது. அவள் அதைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "மிதிக்க வந்திருக்கேம்மா" என்றார்.

பவுனம்மாள் திகைத்துப் போனாள். விரட்டினாள். அவர் போகவில்லை. மூன்றாம் நாள் கன்னையாதான் சொன்னார்: "இருக்கட்டும் லா அக்கா. தைக்க வந்த சாக்கெல்லாம் அப்படியே கிடக்கே." அவள் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். அய்யாவு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கால் மிதிக்க வேண்டிய, பூவேலை போட்ட இரும்புப் பலகையைக் கையால் அழுத்தினார். சக்கரம் சுழன்றது.

அதிகாலையில் தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்திய மாமாக் சாப்பாட்டுக் கடைக்கு விறகு பிளந்து கொடுத்து அங்கேயே சாப்பிடுவார். கடைக்குப் பின்னால் தூங்குவார். பத்து மணிக்கு மிஷினுக்கு வந்துவிடுவார். மாலை வரை தரையில் உட்கார்ந்து அழுத்துவார். அவள் மேலே, அவர் கீழே. ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்க முடியாது. முதல் மாதம் முழுக்கத் திட்டுதான். வேகம் கூடினால் திட்டு, குறைந்தால் திட்டு. "நிறுத்துன்னா நிறுத்த மாட்டியா? செவிடா?" என்று ஒரு நாள் கத்தினாள். நூலும் அப்போது அன்னாசி நாரில் திரித்தது. ஒரு சுற்று அதிகமானாலும் அறுந்துவிடும்.

நான் அன்று பழைய கால்சட்டையைப் பிரித்துத் தைக்கக் கொடுக்கப் போயிருந்தேன். அவர் தண்ணீர் குடிக்க வெளியே போனதும் அவளிடம் சொன்னேன்.

"அந்த மனுசனுக்கு இடது காது உண்மையாகவே செவிடுதான் பிள்ளை. பாகாரைப் பிடுங்கினவுடனே பங்களாவுக்கு வந்த ஜப்பான்காரர் குளிக்க இடமில்லையெண்டு கூப்பிட்டுக் கேட்டாங்களாம். கோர்ட்டு மூடச் சொன்னது, நான்தான் பிடுங்கினேன் எண்டிருக்கிறார். காதோடு சேர்த்து அடிச்சுப்போட்டு, உச்சி வெயிலிலே பொழுது சாயும் வரை நிற்க வைச்சிருக்கிறாங்கள். எனக்குக் கம்பத்து ஆள் ஒருவர் கோர்ட்டிலே சொன்னவர்."

பவுனம்மாள் கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள். மறுநாளிலிருந்து நிறுத்தச் சொல்லக் கத்தவில்லை. கத்தரிக்கோலால் மிஷின் மேல் ஒரு தட்டு. ஓட்டச் சொல்ல இரண்டு தட்டு. இரும்பு வழியாக அந்த அதிர்வு அவர் உள்ளங்கைக்குப் போய்விடும். பத்துப் பதினைந்து நாளில் தட்டும் தேவைப்படவில்லை. அவள் துணியைத் திருப்பும்போது சக்கரம் தானாக நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். மிஷினுக்கு உயிர் வந்துவிட்டதுபோல் இருக்கும்.

அந்த வருஷம் கடைசியில் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிப்பது பிரிக்பீல்ட்ஸ் வரை வந்தது. வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை. வேலை அட்டை இல்லாத ஆம்பிளையை லோரியில் ஏற்றிவிடுவார்கள். போனவர்களைப் பற்றி ஒரு கடிதமும் வராது. அய்யாவுக்கு அட்டை ஏது? கூலி வாங்காதவருக்கு எந்த ஆபீஸ் அட்டை கொடுக்கும்?

ஒரு முற்பகலில் லோரி பவுனம்மாள் தெருவில் வந்து நின்றது. ஒரு ஜப்பானியச் சிப்பாய், அவனுக்குத் துணையாக ஒரு தமிழ்க் கங்காணி. அன்று வார விடுமுறை, நான் வீட்டில் இருந்தேன். சத்தம் கேட்டு ஓடிப்போய்த் தெருமுனையில் நின்றேன். அதற்கு மேல் போகக் கால் வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

கங்காணி அய்யாவுவின் தோளைப் பிடித்து எழுப்பிவிட்டான். "யாருய்யா நீ? எந்த ஆபீஸு? அட்ட எங்க?"

அய்யாவு வழக்கம்போல் உள்ளதைச் சொல்ல வாயெடுத்தார். அவர் என்ன சொல்வார் என்று பவுனம்மாளுக்குத் தெரியும். "நீங்க சும்மா இருங்க" என்றாள். கோலை எடுக்காமல், மிஷினையும் சுவரையும் பிடித்துக்கொண்டு, தொங்கும் பாதத்தை இழுத்தபடி வாசலுக்கு வந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள்.

"இவரு என் ஆளு."

"உன் ஆளா? புருசனா?"

"இந்த மிஷினோட ஆளு. பட்டாளத்துக்குச் சாக்கு தைக்கிறேன். இதோ சீட்டு, சிவப்பு முத்திரை. இவரு போனா மிஷினு நிக்கும். சாக்கு ஏன் வரலைன்னு கேட்டா உன் பேரச் சொல்லட்டுமா?"

கங்காணி சிப்பாயிடம் ஏதோ சொன்னான். சிப்பாய் சீட்டை வாங்கிப் பார்த்தான். மிஷினைப் பார்த்தான். அவள் காலைப் பார்த்தான். பிறகு அய்யாவுவைக் காட்டி ஏதோ கேட்டான்.

"ஓடிப்போனான்னா யாரு பொறுப்புன்னு கேக்குறாரு" என்றான் கங்காணி.

"நான் பொறுப்பு" என்றாள் பவுனம்மாள்.

அந்த வார்த்தையின் விலை என்ன என்று அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். எத்தனையோ வீடுகளில் அண்ணனுக்குத் தம்பி சொல்லத் துணியாத வார்த்தை. சிப்பாய் சீட்டைத் திருப்பிக் கொடுத்தான். லோரி அடுத்த தெருவுக்குப் போயிற்று. அடுத்த தெருவிலிருந்து நான்கு பேரை ஏற்றிக்கொண்டார்கள்.

அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அய்யாவு இன்னும் நின்றுகொண்டே இருந்தார்.

"உக்காருங்கண்ணே" என்றாள். "பாதித் தையல்ல நிக்குது."

அதுவரை அவள் அவரை எந்த முறை வைத்தும் கூப்பிட்டதில்லை.

சண்டை முடியும் வரை அவர் அங்கேதான் இருந்தார். வெளியே தனி ஆளாகப் போனால் பிடித்துவிடுவார்கள் என்று அவள் விடவில்லை. கடைசி மாதங்களில் அவளே இடது காலைப் பழக்கிக்கொண்டாள். ஒற்றைக் காலால் மெதுவாக, பிறகு வேகமாக. அவர் பக்கத்தில் உட்கார்ந்து பித்தான் துளை போடக் கற்றுக்கொண்டார். மீன்வலை பின்னிய கை. அந்தத் துளைகளைப் போல் நேர்த்தியாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நாற்பத்தைந்து அக்டோபரில், ரயில்கள் மறுபடி ஒழுங்காக ஓட ஆரம்பித்தபோது, அவர் கடற்கரைக்குத் திரும்பிப் போனார். பவுனம்மாள் கோலை ஊன்றிக்கொண்டு ஸ்டேஷன் வரை வந்தாள். அங்கே போய் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். கம்பத்துக்காரர்களோடு மீன் பிடிப்பேன் என்றார். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். இவ்வளவுதான் இருவரும் பேசினார்கள்.

நானும் அதே ரயிலில்தான் கிள்ளானுக்குப் போனேன். அவர் எனக்கு எதிரில் உட்கார்ந்து, ரயில் புறப்பட்டதும் தூங்கிவிட்டார். கைகள் மடியில் விரிந்து கிடந்தன. இரண்டு உள்ளங்கைகளிலும் அந்த இரும்புப் பலகையின் பூவேலை, கொடியும் இலையுமாக, தோலோடு தோலாகக் காய்த்துப் போயிருந்தது. கிள்ளான் வரும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறெதையும் பார்க்கத் தோன்றவில்லை.

கிள்ளானில் இறங்கினோம். அவர் கும்பிட்டுவிட்டு மோரிப் பஸ் நிற்கிற பக்கம் நடந்தார். நான் கோர்ட்டுக்குப் போனேன். அன்று ஏழு வழக்குகள் இருந்தன.